மூணடி கண்ணாடியில் அஞ்சடி ரெண்டு அங்குல அக்கா

பி.காம் படிக்கிறவனுக்குக் கண்ணாடி ஆராய்ச்சி எதுக்குன்னு கேட்காதீங்க. பத்தாம் வகுப்போட இயற்பியலுக்கு ஒரு கும்பிடு போட்டவன்தான் நான். ஆனா இந்தத் தடவை அது எங்க வீட்டுச் சுவருக்கே வந்துடுச்சு.

அக்காவுக்கு ஒரு ஸ்கூலில் டீச்சர் வேலை கிடைச்சிருக்கு. தினமும் புடவை. எங்களுக்கு ஓசூர் சிப்காட் பக்கம் லைன் வீடு, ஒரே ரூம். இருந்த கண்ணாடியில் முகம் மட்டும்தான் தெரியும். கொசுவம் கீழே சரியா விழுந்திருக்கான்னு பார்க்கப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடணும். அவங்களுக்கோ காலை ஆறு மணி ஷிப்ட்.

பாகலூர் ரோட்டில் ஒரு கடையில் விசாரிச்சோம். "முழு ஆள் தெரியணும்னா அஞ்சடி வேணும் தம்பி"ன்னார் பாய். பணம் ஒரு பக்கம்னா, இடம் இன்னொரு பக்கம். ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க விட்டது ஒரே சுவர். அதில் கீழே 27 அங்குலம் வரைக்கும் பிளக் பாயின்ட், 63 அங்குலத்தில் சாமி ஷெல்ப் (அம்மாவுக்குக் கை எட்டணுமே). நடுவில் மிச்சம் சரியா மூணடி.

அஞ்சடி தேவையே இல்லைங்க. சமதளக் கண்ணாடியில் நாம முன்னாடி எவ்வளவு தூரமோ, பிம்பம் பின்னாடி அவ்வளவு தூரம். (எங்க வீட்டுக் கணக்குப்படி அக்காவோட பிம்பம் பக்கத்து வீட்டுச் சமையல்கட்டில் நிக்கும். அங்கே ஒளி எதுவும் போறதில்லை, அதனாலதான் மாய பிம்பம்னு பேர்.) கண்ணுக்கும் பிம்பத்துக்கும் நட்டநடுவில் கண்ணாடி. அப்போ கால் விரலைப் பார்க்கிற பார்வை, கண்ணோட உயரத்தில் பாதியில் கண்ணாடியைத் தொடும். உச்சந்தலைக்குப் போறது, கண்ணுக்கும் உச்சிக்கும் நடுவில் தொடும். மொத்தத்தில் ஆளோட உயரத்தில் பாதி போதும்.

அக்கா 62 அங்குலம், கண் 58-ல். கண்ணாடி 29-ல் ஆரம்பிச்சு 60-ல் முடிஞ்சா போதும். வெறும் 31 அங்குலம்!

"கொஞ்சம் பின்னாடி போனா இன்னும் தெரியுமே"ன்னாங்க அம்மா. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். கிருஷ்ணகிரியில் பெரியம்மா வீட்டு பீரோ கண்ணாடியில் சோதிச்சோம். அக்கா ஒரு கண்ணை மூடிக்கிட்டு, உச்சந்தலை தெரியுற இடத்தைக் காட்ட, நான் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். கால் தெரியுற இடத்தில் இன்னொண்ணு. டேப் வெச்சா கிட்டத்தட்ட 31. ரெண்டு எட்டு பின்னாடி போகச் சொன்னேன். அதே பொட்டு, அதே தலை, அதே கால். நாம நகர நகர பிம்பமும் அவ்வளவே விலகிப் போகுதே! (பைக் சைடு கண்ணாடி குவிஞ்சது, இந்தக் கணக்கு அதுக்குச் செல்லாது.)

அக்காவுக்கு இன்னொரு சந்தேகம். "முந்தானையை இடது தோளில் போட்டா, உள்ளே இருக்கிறவ வலது தோளில் போட்டிருக்காளே?" உண்மையில் கண்ணாடி இடம் வலம் எதையும் மாத்தலை. அக்காவோட முந்தானை வாசல் பக்கம்னா, பிம்பத்தோட முந்தானையும் வாசல் பக்கம்தான். மாறுறது முன்-பின் மட்டும். வேற ஒரு ஆள் திரும்பி நம்மைப் பார்த்து நிக்கிறதா நாமதான் கற்பனை பண்ணிக்கிறோம். ஒரு பாலிதீன் கவரில் ஸ்கெட்ச் பேனாவால் 'ஓசூர்'னு எழுதி, உங்களுக்கு நேரா படிக்கிற மாதிரி கண்ணாடி முன்னாடி பிடிங்க. கண்ணாடியிலும் 'ஓசூர்' நேராவே இருக்கும். காகிதத்தில் எழுதினா நாம அதைக் கண்ணாடி பக்கம் திருப்பிக் காட்டுறோம், திருப்புறது நம்ம கைதான்.

ஆளுயரக் கண்ணாடிக்கு நிலைக்கண்ணாடின்னு அழகான பேர் நம்மகிட்ட இருக்கு. கன்னியாகுமரி பக்கம் சாமித்தோப்பில், அய்யா வைகுண்டர் (1809-1851) வழியில் வர்றவங்க கும்பிடும்போது எதிரே நிலைக்கண்ணாடி. தெரியுறது அவங்கவங்க உருவம்தான். இதைக் கேட்டதும் அம்மா, சாமி ஷெல்புக்குக் கீழேயே மாட்ட உடனே ஒத்துக்கிட்டாங்க :-)

மூணடி கண்ணாடி 27-லிருந்து 63 வரைக்கும் கச்சிதமா உட்கார்ந்திருக்கு. அக்காவுக்கு உச்சி முதல் கொசுவம் வரை தெரியுது. 58 அங்குல அம்மாவுக்கும் பாதம் வரை தெரியுது. 68 அங்குலம் வளர்ந்த எனக்குத்தான் மேல் விளிம்பு 66-ல் இருக்கணும். இப்போதைக்கு மூக்குக்கு மேலே நான் இல்லை. பின்னாடி போயும் பிரயோஜனமில்லைன்னு உங்களுக்கே தெரியும். தினமும் குனிஞ்சுதான் தலை சீவுறேன்.