காற்று போகும் வழி

ஆடி 4

ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்பார்கள். புத்தூர் நால்ரோட்டில் புழுதி சுழன்றடிக்கிறது. எனக்கோ வாயைத் திறந்தால்தான் மூச்சு. ராத்திரியில் நாக்கு வறண்டு, செம்புத் தண்ணீரைத் தேடி எழுந்துவிடுகிறேன். மறுபடியும் ஆபரேஷன் என்று பேச்சு வந்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. எழுதி வைத்தாலாவது அடங்கும்.

ஆடி 7

புது டாக்டரைப் பார்த்தோம். மூக்கோரக் கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப மூச்சு விடுங்கம்மா" என்றார். சட்டென்று காற்று உள்ளே போனது. எத்தனை காலமாயிற்று! அழுகையே வந்துவிட்டது.

விபத்துக்குப் பிறகு நடந்த முதல் ஆபரேஷனில் மூக்கின் நடுச்சுவரை நிமிர்த்தினார்கள். அப்போது குருத்தெலும்பை அதிகமாக எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, மூக்குத் தண்டு உள்வாங்கிவிட்டது. அடுத்ததில் காதிலிருந்து எடுத்து வைத்தது தாங்கவில்லை. இனி எடுப்பதற்கு மூக்கிலும் இல்லை, காதிலும் போதுமானது இல்லை. விலாவிலிருந்துதான் எடுக்க வேண்டுமாம்.

ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மூக்கினுள் காற்றுக்கு மிகக் குறுகலான இடம் தண்டின் நடுப்பகுதிக்கு அடியில்தான் இருக்கிறது. தண்டு சரிந்தால் அந்த வழி நெருங்கிப்போகும். நடுச்சுவரின் இரு பக்கமும் மெல்லிய பட்டைகளைச் செருகி வழியை அகட்டி, மேலே தண்டை எழுப்ப வேண்டும். "ரெண்டும் ஒரே வேலைதாம்மா" என்றார். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்தேன்.

ஆடி 18

பெருக்கு. எல்லோரும் அம்மா மண்டபம் போனார்கள். நான் போகவில்லை. போட்டோ எடுப்பார்கள்.

ஆடி 22

நாத்தனார் வந்திருந்தாள். "இந்த வயசுல அழகு பார்த்து என்ன அண்ணி செய்யப் போறீங்க? மூச்சு விட மட்டும் வழி பண்ணச் சொல்லுங்களேன்" என்றாள். வெடுக்கென்று, "மூச்சுக்குத்தான் செஞ்சுக்கிறேன்" என்றேன். காபி கொடுத்து அனுப்பினேன். இரவெல்லாம் கோபம் ஆறவில்லை. கண்ணாடியில் தெரிவது என் அம்மாவின் மூக்கு இல்லை. அது திரும்பி வரட்டும் என்று ஆசைப்பட்டால் ஏன் ஒளித்துப் பேச வேண்டும்?

ஆடி 26

தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் ஒரு கடிதம் வெளிவந்திருக்கிறது. கவாஸ்ஜி என்று ஒருவர். ஆங்கிலேயர் படைக்கு மாடு ஓட்டியவர். 1792 போரில் திப்புவிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஒரு வருஷம் மூக்கில்லாமல் இருந்திருக்கிறார். பிறகு புனே அருகே செங்கல் சூளைக்கார சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். மெழுகால் மூக்கின் அளவெடுத்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, அந்த அளவுக்குத் தோலை அறுத்து, புருவ நடுவில் மட்டும் விட்டுவைத்துக் கீழே திருப்பிப் பொருத்தியிருக்கிறார்.

அதைப் படித்துத்தான் ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் அதே முறையைக் கையாண்டார். இன்றைக்கும் நெற்றித் தோலால் மூக்கு வைப்பது இருக்கிறது. கவாஸ்ஜியின் பெயர் நமக்குத் தெரிகிறது. வைத்தியருக்குச் சாதிதான் எழுதப்பட்டிருக்கிறது, பெயர் இல்லை.

அந்தக் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பத்தாம் நாள் வாக்கில் மூக்குத் துவாரங்களில் மெல்லிய துணித் துண்டுகளை வைப்பார்களாம், வழி மூடிவிடாமல் இருக்க.

ஆவணி 1

ஆடி கழியட்டும் என்று மாமியார் சொன்னதால் தேதி தள்ளிப்போனது. ஸ்ரீரங்கம் போய்விட்டு வந்தேன். தாயார் சன்னதிக்கு எதிரே, கம்பர் ராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லும் மண்டபம். இத்தனை வருஷமாகக் கடந்து போயிருக்கிறேன், சூர்ப்பணகையை நினைத்ததில்லை. இன்று அவளைத் தவிர வேறு நினைப்பில்லை.

ஆவணி 6

நாளைக்கு. கையெழுத்துப் போட்டாயிற்று. விலாவில் எடுக்கும்போது நுரையீரல் உறையில் கிழிசல் விழலாம், அரிதுதான் என்றார்கள். வைக்கிற குருத்தெலும்பு நாளடைவில் வளையலாம். அதனால் செதுக்கிய துண்டை உப்புநீரில் கொஞ்ச நேரம் போட்டு, வளைகிறதா என்று பார்த்துத்தான் வைப்பார்களாம். இவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

ஆவணி 9

வலி விலாவில்தான். சிரிக்கவும் இருமவும் முடியவில்லை.

ஆவணி 14

மேல்கட்டைப் பிரித்தார்கள். வீங்கிய முகம், கண்ணுக்கடியில் மஞ்சள். யாரோ போல இருந்தேன். ஏன் செய்துகொண்டோம் என்று தோன்றியது. மகளிடம் எரிந்து விழுந்தேன்.

ஆவணி 23

தும்மலை வாய் வழியாக விட வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது. கண்ணாடி தண்டில் உட்காரக் கூடாது.

புரட்டாசி 5

வலது பக்கம் காற்று தாராளமாகப் போகிறது. இடது பக்கம் இன்னும் இழுபறி. வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம் ஆகலாம், அதற்குள் எதையும் முடிவு கட்டாதீர்கள் என்கிறார் டாக்டர். தண்டு நேராக நிற்கிறது. நிற்குமா, தெரியாது.

நாத்தனார் வந்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூச்சு பரவாயில்லையா அண்ணி?" என்றாள். "மூக்கையும் பார்த்துச் சொல்லு" என்றேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் படுத்திருக்கலாம். அழகுக்கா, மூச்சுக்கா என்று தயவுசெய்து அவர்களைக் கேட்காதீர்கள்.