99 குதங்களை எப்படி வரைவது?

திருகோணமலையில் எண்ணெய்க் குதங்களைப் பற்றிக் கதைக்காத தேத்தண்ணிக் கடை இல்லை. பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன சீனக்குடாக் குதங்களில் இண்டைக்கு மிஞ்சியிருப்பது 99. 2022 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தப்படி அதில் 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 ரெண்டும் சேர்ந்து நடத்தும் புதுக் கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐ.ஓ.சி.க்கு 49 வீதம்.

மூன்றே மூன்று எண்தான். ஆனா இதை வைச்சு எங்கட போனுக்கு வந்த வரைபுகள் ஒண்டோடொண்டு சண்டை பிடிக்குது. ஒண்டில் 14ஐயும் 61ஐயும் ஒரே நிறத்தில் சேர்த்து, 75 குதம் இந்தியாவுக்குப் போயிட்டுது என்று இருந்தது. இன்னொண்டில் 24ஐயும் 61ஐயும் சேர்த்து, 85 குதம் எங்கட கையில என்று இருந்தது. 75ஐயும் 85ஐயும் கூட்டினால் 160. இருக்கிறதோ 99. ரெண்டிலும் கூட்டல் பிழை இல்லை. 61ஐ எந்த நிறத்தில் தீட்டுறது என்பதிலதான் விசயமே இருக்கு.

கலைப்பீடத்தில் படிக்கும் நாங்கள் நாலைந்து பேர் இருந்து அந்த மூன்று எண்ணையும் வரைந்து பார்த்தோம்.

ஓ.எல். கணிதத்தில் படிச்ச வட்ட வரைபுதான் எல்லாருக்கும் முதலில் கைக்கு வரும். ஆனா கோணத்தையும் பரப்பையும் விட, ஒரே கோட்டில் தொடங்கும் நீளங்களைத்தான் கண் சரியாக ஒப்பிடும் என்று 1984இலேயே கிளீவ்லண்ட், மக்கில் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் சோதிச்சுக் காட்டிவிட்டார்கள். வட்டத்தைச் சரிச்சு, தடிப்புக் கொடுத்து முப்பரிமாணம் ஆக்கினால் இன்னும் மோசம். முன்னுக்கு இருக்கிற துண்டு உள்ளதை விடப் பெருசாத் தெரியும்.

ஆகவே சலாகை வரைபு. அதுவும் படுக்கையாக. 'இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம்' என்ற பெயரை நிமிர்ந்த சலாகைக்குக் கீழ எழுதிப் பாருங்கோ. எழுத்தைச் சரிக்க வேணும், இல்லாட்டி வெட்ட வேணும். படுக்கையில் பெயர் இடப்பக்கம் நேராக நிற்கும், எண்ணைச் சலாகையின் நுனியிலேயே எழுதலாம். எந்த நிறம் யாருக்கு என்று மூலையில் இருக்கிற பெட்டியைத் தேடத் தேவையில்லை. அச்சு பூச்சியத்தில் தொடங்க வேணும். 10இல் தொடங்கினால் 14இன் நீளம் 4, 24இன் நீளம் 14. இரு மடங்குகூட இல்லாத வித்தியாசம் மூன்றரை மடங்காகிவிடும்.

கடைசியில் எங்களுக்குப் பிடிச்சது அதை விடச் சுலபமான ஒண்டு. 99 சின்னச் சதுரம், 9 வரிசை, வரிசைக்கு 11. ஒரு சதுரம் ஒரு குதம். 14க்கு ஒரு நிறம், 24க்கு இன்னொரு நிறம், 61க்கு ரெண்டு நிறமும் கோடு கோடாக. பக்கத்தில் 51, 49 வீதமும் ஒப்பந்தத்தின் மாதமும் ஆண்டும். அம்மம்மாகூட விரல் வைச்சு எண்ணலாம்.

நிறம் தெரியத்தான் கூட நேரம் போனது. செம்மஞ்சளும் பச்சையும் வேண்டாம் என்றோம். தேசியக் கொடியில் அந்த ரெண்டு பட்டியும் தமிழரையும் முஸ்லிம்களையும் குறிக்குது. எங்கட மாவட்டத்தில் அவற்றை எங்க பூசினாலும் சனம் அதை இனமாகத்தான் வாசிக்கும். சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் வைத்தால் நிறக்குருடு உள்ள பலருக்குப் பிரித்தறிய ஏலாது. நீலமும் மஞ்சளும் எடுத்தோம்.

இந்தச் சதுரங்களைப் பார்த்துவிட்டும் ஒருவர் 'வித்துப்போட்டாங்கள்' என்பார், இன்னொருவர் 'மீட்டிட்டம்' என்பார். அது அரசியல், கதைக்கத்தான் வேணும். ஆனா ரெண்டு பேரும் ஒரே 99ஐப் பார்த்துக் கதைப்பினம்.

2012க்குப் பிறகு 2024இல்தான் திரும்பவும் குடிசன மதிப்பீடு தொடங்கியது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் பெருந்தொகையாக வாழும் மாவட்டம் எங்களது. இங்க சனத்தொகை எண் வந்தால் அதோட வரைபும் வரும், அதுவும் டீ ஆறமுதல் நூறு குழுவுக்குப் போயிடும். அச்சு எங்கே தொடங்குது, யாரை யாரோட சேர்த்திருக்கு, எந்த ஆண்டு எண். அனுப்ப முதல் இந்த மூன்றையும் ஒருக்காப் பாருங்கோ.