காற்றுக்கு இடம் கொடாத போத்தல்

அச்சாறு போடும் உம்மாமாருக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் நன்கு தெரிந்த உண்மையொன்று உண்டு. எந்தப் பண்டத்துக்கும் பாதி ஆயுள் அதை அடைத்து வைக்கும் பாத்திரத்தில் இருக்கிறது. புகைப்பட இருட்டறை இரசாயனங்களும் இதற்கு விலக்கல்ல.

1990களில் கட்டுகஸ்தோட்டைக்கும் அக்குறணைக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில் வண்ணப்படம் கல்யாண வீட்டுக்கு; கறுப்பு வெள்ளைப் படம் தேசிய அடையாள அட்டைக்கு. சாதாரண தரப் பரீட்சை எழுத அட்டை வேண்டும். யுத்த காலமாதலால் சோதனைச் சாவடியைத் தாண்டவும் அட்டை வேண்டும். என் ராத்தாவின் விண்ணப்பம், படம் தெளிவில்லையென்று திரும்பி வந்தது. முகம் முழுவதும் ஒரே சாம்பல். கண் எது, புருவம் எது என்று தெரியவில்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வாப்பா எங்களை வேறொரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த நானா பழைய படத்தைப் பார்த்துவிட்டு, “புள்ளயிலயும் குறையில்ல, கெமராவிலயும் குறையில்ல. மருந்து செத்துப் போயிருக்கு” என்றார். அவர் எடுத்துக் கொடுத்த படம் திரும்பவில்லை. ராத்தா பரீட்சை எழுதினார். பாடசாலை விட்டதும் அந்த இருட்டறை வாசலில் போய் நிற்பது எனக்கு வழக்கமாயிற்று.

மருந்து என்று அவர் சொன்னது டெவலப்பரை. அதிலுள்ள மெற்றோலும் ஐதரொக்குயினோனும், பிலிமிலும் தாளிலும் ஒளி பட்ட வெள்ளி உப்பைக் கறுத்த வெள்ளியாக்கும். ஆனால் காற்றிலுள்ள ஒட்சிசனோடும் அவை சேர்ந்துவிடும். அதைத் தடுக்கவே சோடியம் சல்பைற்று சேர்க்கிறார்கள். வரும் ஒட்சிசனை அது முன்னின்று வாங்கிக்கொள்ளும். சல்பைற்று தீர்ந்தால் கரைசல் பிளேன்டி நிறமாகி வலுவிழக்கும். கொடக் நிறுவனம் 1927இல் வெளியிட்ட டி-76 கரைசல், கழுத்துவரை நிரப்பி இறுக மூடிய போத்தலில் 6 மாதம் தாங்கும். பாதி நிரம்பிய போத்தலில் 2 மாதம்தான். மருந்தில் வேறுபாடில்லை. மீதி இடத்தில் புகுந்த காற்றுத்தான் 4 மாதத்தைத் தின்றுவிடுகிறது.

நானா பெரிய போத்தலில் எதையும் வைப்பதில்லை. டிஸ்பென்சரியில் கேட்டு வாங்கிய கபில நிறச் சிறு போத்தல்களைக் கழுவி, விளிம்புவரை ஊற்றி மூடி வைப்பார். ஒன்றைத் திறந்தால் அன்றே முடிக்கப் பார்ப்பார். மிஞ்சினால் கண்ணாடிப் போளைகளைக் கழுவி உள்ளே போட்டு மட்டத்தை உயர்த்துவார். எங்கள் போளைகள் பல அங்கேதான் போய்ச் சேர்ந்தன.

மெல்லிய பொலித்தீன் போத்தல்களை அவர் நம்பியதேயில்லை. அதில் நியாயமிருந்தது. பொலித்தீன் ஊடாக ஒட்சிசன் மெல்ல மெல்ல உள்ளே வரும். கண்ணாடியில் அது நடவாது. சோடாப் போத்தல் செய்யும் பெட் பிளாஸ்டிக் இரண்டுக்கும் இடைப்பட்டது. தூளாக வரும் மருந்துக்குக் காற்றோடு ஈரமும் பகை. அதனால்தான் முன்பு தகர டின்னிலும், பின்னர் உலோகத்தாள் ஒட்டிய பைக்கற்றிலும் அடைத்தார்கள். கண்டியின் மழைக்காலத்தில் பைக்கற்றின் ஓரம் சற்றுப் பிரிந்தாலும் போதும், தூள் கட்டிபட்டு நிறம் மாறிவிடும்.

எல்லா மருந்துக்கும் ஒரே விதியுமில்லை. 1891இல் வந்த ரொடினால் என்ற செறிந்த கரைசல், கறுத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். இடையில் படத்தை நனைத்தெடுக்கும் அசற்றிக் அமிலத்தைக் காற்று ஒன்றும் செய்யாது. அமிலம் சேர்ந்த ஐப்போக் கரைசலோ, எவ்வளவு இறுக மூடினாலும் நாளடைவில் கந்தகம் பிரிந்து கலங்கும்.

இன்று அடையாள அட்டைப் படத்துக்கு இருட்டறை தேவையில்லை. ஆயினும் எமது பாடசாலையின் ஆய்வுகூட அலுமாரியில் போத்தல்கள் இருக்கின்றன. லேபலில் அச்சிட்ட திகதியைப் பார்க்கும் பிள்ளைகளிடம் மூடியையும் மட்டத்தையும் பார்க்கச் சொல்வேன். அந்தத் திகதி திறக்காத போத்தலுக்கு உரியது. திறந்த பின் அதன் ஆயுள், மூடி வைக்கும் கையில் இருக்கிறது.