தரையைத் தேடும் கேஸ்

"சிலிண்டர் வெடித்து வீடு இடிந்தது" என்று செய்தி வந்தால் நான் முதலில் படத்தைத்தான் பார்ப்பேன். சுவர் சரிந்திருக்கும். ஜன்னல் சட்டம் தெருவில் கிடக்கும். அந்த இடிபாட்டுக்கு நடுவில், பெயிண்ட் கருகி, ஆனால் முழுசாகவே சிலிண்டர் நின்றுகொண்டிருக்கும். கோவையில் கேஸ் ஏஜென்சி மெக்கானிக்காக வீடு வீடாகப் படியேறியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் வெடித்தது சிலிண்டர் இல்லை, அறை.

இது தெரியாததால் நம் ஜனங்கள் வேண்டாத இடத்தில் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கிறார்கள். 14.2 கிலோ சிலிண்டரின் இரும்புத் தகடு சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் அடைத்துச் சோதிக்கப்படுகிறது. உள்ளிருக்கும் கேஸ் நம் ஊர் வெயிலில்கூட அதில் பாதியை எட்டாது. சூட்டில் திரவம் விரிய வேண்டும் என்பதற்காக ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டுத்தான் நிரப்புகிறார்கள். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் 'பி-28' என்பதுபோல் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், இப்படி டி வரைக்கும், பக்கத்தில் வருடம். "இந்தத் தேதி தாண்டுனா வெடிச்சுருமுங்களா தம்பி?" என்று கேட்காத வீடு குறைவு. அது அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலாண்டு, அவ்வளவுதான். தேதி கடந்த சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும்.

சிலிண்டரே வெடிப்பதும் உண்டு. வெளியிலிருந்து தீ சூழ்ந்து நெடுநேரம் அதைச் சுட்டால் உள்ளே திரவம் கொதிக்கும், அழுத்தம் ஏறும். திரவம் தொடாத மேல்பகுதித் தகடு சூட்டில் இளகி ஒரு கட்டத்தில் கிழியும். 1984 நவம்பரில் மெக்சிகோ சிட்டி பக்கத்தில் சான் ஹுவானிக்கோ கேஸ் கிடங்கில் தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இப்படித்தான் போயின, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்தவுடன் சிலிண்டரின் மேல் தண்ணீரைப் பீய்ச்சுவது தீயை அணைக்க மட்டுமில்லை, அந்தத் தகட்டைக் குளிர வைக்கவும்தான். ஆனால் வீட்டு விபத்துகளில் கதை வேறு.

நாம் கேஸ் என்று சொல்வது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. அதனால் கசிந்த கேஸ் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் பரவும், வாசல் தாண்டும், படி இறங்கும், சாக்கடைக்குள் போகும், பள்ளத்தில் தேங்கும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாகும்.

'வாசம் வருது' என்று புகார் வந்த வீட்டில் நான் காலிங் பெல்லை அழுத்துவதில்லை. கதவைக் கையால் தட்டுவேன். உள்ளே போனதும் முழங்கால் உயரத்துக்குக் குனிந்து முகர்வேன். நின்றபடி மோந்து பார்த்துவிட்டு "ஒன்னும் வாசமில்லையேங்க" என்பவர்களுக்குத் தரையில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. வாசம் வந்ததும் முக்கால்வாசிப் பேர் செய்கிற முதல் காரியம் லைட்டைப் போடுவது, இரண்டாவது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது. இரண்டு சுவிட்சிலும் பொறி உண்டு. போட்டிருக்கிற லைட்டை அணைத்தாலும் அதே பொறிதான். சுவிட்சுகளை இருந்தபடியே விட்டு ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும். ஃபிரிட்ஜ் சமையலறையிலேயே இருந்தால், அது யாரையும் கேட்காமல் தானாக ஆன் ஆகும். அந்த வீடுகளில் எனக்கு அவசரம் அதிகம். அப்புறம் விளக்கு. நம் வீடுகளில் சாமி அலமாரி பல சமயம் சமையலறையிலேயே இருக்கும், குத்துவிளக்கு தரையில் நிற்கும். மார்கழியில் குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு விடியற்காலையில் விளக்கேற்றும் வீடுகளில், முந்தின ராத்திரி ரெகுலேட்டரை மூடினார்களா என்பதுதான் என் முதல் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு. பத்துக்கு எட்டு அடி, பத்தடி உயரச் சமையலறை என்றால் சுமார் 22 கன மீட்டர் காற்று. கேஸ் தீப்பிடிக்கக் காற்றில் இரண்டு சதவீதம் கலந்தால் போதும். ஒன்பதரை சதவீதத்துக்கு மேல் போனால் எரியாது. அந்த இரண்டு சதவீதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் வேண்டும். நடுத்தர பர்னர் ஒன்றைப் பற்றவைக்காமல் திறந்துவிட்டால் ஐந்தாறு மணி நேரத்தில் அது வந்துவிடும், அதாவது ஒரு ராத்திரித் தூக்கம். இதுவும் அறை முழுக்கச் சீராகக் கலந்தால்தான். கேஸ் தரையில் தேங்குவதால் முட்டிக்குக் கீழே அந்த அளவு வெகு முன்னாலேயே வந்துவிடும். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததைக் கவனிக்காமல் டிவி பார்க்கப் போன வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஓட்டையும் வேண்டாம், சீறலும் வேண்டாம்.

வாசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புரோப்பேனுக்கோ பியூட்டேனுக்கோ சொல்லும்படி வாசம் கிடையாது. அழுகின முட்டை மாதிரி வருவது எத்தில் மெர்கேப்டன் என்கிற வேதிப்பொருள், வேண்டுமென்றே சேர்ப்பது. 1937 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தின் அடியில் வாசமில்லாத இயற்கை எரிவாயு தேங்கி வெடித்து, ஏறக்குறைய முந்நூறு பேர், பெரும்பாலும் குழந்தைகள், செத்த பிறகுதான் கேஸுக்கு நாற்றம் சேர்ப்பது சட்டமாக ஆரம்பித்தது. தீப்பிடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்தாலே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. ஆனால் மூக்கு சீக்கிரம் பழகிப்போகிறது. உள்ளேயே இருப்பவருக்குக் கொஞ்ச நேரத்தில் வாசம் மறைந்த மாதிரி இருக்கும், கேஸ் மறைந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வருகிற புகாருக்குத்தான் நான் வேகமாக ஓடுவேன்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. மெர்கேப்டன் புரோப்பேன், பியூட்டேன் இரண்டையும்விட மெதுவாகத்தான் ஆவியாகும். அதனால் சிலிண்டர் தீரும் சமயத்தில் அடியில் மிஞ்சிய திரவத்தில் அதன் பங்கு கூடி, வாசம் தூக்கலாக அடிக்கும். "தம்பி, லீக் ஆவுதுங்க, சீக்கிரம் வாங்க" என்று கூப்பிட்டுப் போய்ப் பார்த்தால் ஒரு குமிழிகூட வராது. ஈரத்துணியால் சிலிண்டரைச் சுற்றித் துடைத்துக் காட்டுவேன். திரவம் இருக்கும் பகுதி மெதுவாக உலரும், மேலே சட்டென்று உலரும். கோடு அடியில் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். அதற்காக அவர்கள் கூப்பிட்டது தப்பு என்று ஒருநாளும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

சிலிண்டர் மாட்டும்போது 'புஸ்' என்று சீறினால் வீடே அலறும். பெரும்பாலும் அது வால்வுக்குள் இருக்கிற ரப்பர் வாஷர் விஷயம். கிழிந்திருக்கும், இல்லை இருக்கவே இருக்காது. வாஷர் தாங்குவது சிலிண்டரின் முழு அழுத்தத்தை. அதனால் சத்தம் போடும். வைத்தியம் கையிலேயே இருக்கிறது: ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, நைலான் கயிற்றில் தொங்கும் சேஃப்டி கேப்பை அழுத்தி மாட்டினால் கசிவு நின்றுவிடும். அந்தக் கேப்பைத்தான் நம் ஆட்கள் கயிற்றை அறுத்து எறிகிறார்கள், இல்லாவிட்டால் குழந்தைக்கு விளையாடக் கொடுக்கிறார்கள். டெலிவரிக்கு வருகிறவர் வால்வு வாயில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று காட்டாமல் கிளம்பினால் நிறுத்திக் கேளுங்கள். அது உங்கள் உரிமை, அவருக்கு ஒரு நிமிஷ வேலை.

ரெகுலேட்டரைத் தாண்டியதும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராமாகக் குறைந்துவிடுகிறது. அதனால் டியூப் கசிந்தால் சத்தமே வராது. எனக்குப் பயம் அங்கேதான். இப்போது கொடுக்கும் ஆரஞ்சு நிற டியூப்பில் ரப்பருக்குள் கம்பிப் பின்னல் இருக்கிறது. ஐந்து வருஷம் ஆயுசு, மாற்ற வேண்டிய வருஷம் மேலேயே அச்சடித்திருக்கும். எலி கடிக்கும், எண்ணெய் வழிந்து ரப்பர் ஊறும், அடுப்புக்கு அடியில் சுருட்டி விட்ட இடத்தில் சூடு பட்டு வெடிப்பு விடும். அழகுக்காகத் துணி உறை தைத்துப் போடுகிறவர்களை நான் விடுவதே இல்லை. உறையை உருவிப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. சோப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்து நுனி முதல் நுனி வரை தடவினால் போதும், ஓட்டை தானே குமிழி விட்டுக் காட்டும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வீரர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

மாடுலர் கிச்சன் மேல் எனக்கொரு தீராத கோபம். சிலிண்டரைப் பலகை அலமாரிக்குள் அடைத்துக் கதவு சாத்துகிறார்கள். காற்று வர தரையை ஒட்டி ஒரு துவாரம்கூட விடுவதில்லை. கேட்டால் "கரப்பான் வருதுங்க" என்கிறார்கள். மூடிய இடத்தில் கேஸுக்குப் போக்கிடம் இல்லை என்பதுதான் எல்லாக் கோரத்துக்கும் மூலம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையத்தின் பக்கம் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி ஏற்றி வந்த சிலிண்டரில் அடுப்பு மூட்டப்போய் ஒன்பது பேர் கருகினார்கள். திறந்த வெளியில் அதே சிலிண்டர் அத்தனை உயிரைக் கேட்டிருக்காது. 2025 ஜனவரி 3 அன்று எங்கள் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் கேஸ் லாரி கவிழ்ந்து கசிந்தபோது ஓர் உயிரும் போகவில்லை. தண்ணீரை இடைவிடாமல் பீய்ச்சினார்கள், பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள், போக்குவரத்தை நிறுத்தினார்கள். யாரும் எதையும் பற்றவைக்காதபடி பார்த்துக்கொண்டதுதான் அன்றைக்கு நடந்த பெரிய வேலை.

தீப்பிடித்தே விட்டால்? இங்கே எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு, வெளியாட்களுக்கு அது தலைகீழாகத் தெரியும். எரிகிற கேஸைவிட எரியாத கேஸ் மோசம். ரெகுலேட்டரை எட்டி மூட முடிந்தால் மூடிவிடு, தீ தானே போகும். மூட வழியில்லை என்றால் ஆட்களை வெளியேற்று, தீயணைப்புக்குச் சொல். தீயை மட்டும் அணைத்துவிட்டுக் கசிவை விட்டுவிடாதே. ஈரச் சாக்கைப் போர்த்தித் தீயை அமுக்கிவிட்டுக் கைதட்டு வாங்கியவர், கேஸ் இன்னும் வந்துகொண்டிருப்பதை மறந்தால், அடுத்த பொறிக்கு அந்த அறையே போய்விடும். போர்த்தினால் உடனே கேப்பை மாட்டித் திறந்தவெளிக்குத் தூக்க வேண்டும். எந்த மாவட்டத்திலிருந்தும் 1906க்கு அடித்தால் கசிவுப் புகாரை எடுத்துக்கொள்கிறார்கள்.

மலையேறினால் அதே கேஸ் வேறு முகம் காட்டும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி விடியலில், பாதிக்கு மேல் தீர்ந்த சிலிண்டரில் புரோப்பேன் முதலில் போய்விட்டிருக்கும். மிஞ்சிய பியூட்டேன் எழவே எழாது. டீக்கடைக்காரர் சிலிண்டரைச் சாய்த்துப் போடுவார், இல்லை கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவார். சாய்த்தால் வாயுவுக்குப் பதில் திரவமே டியூப்பில் இறங்கும். அடுப்பில் ஆள் உயரத்துக்குத் தீ எழும். புரோப்பேன் பங்கைக் கூட்டிவிட்டால் குளிருக்குச் சரியாகிவிடுமே என்று கேட்கலாம். வெயில் ஊரில் தனிப் புரோப்பேன் பியூட்டேனைவிட மூன்று நான்கு மடங்கு அழுத்தும். தேய்ந்த வாஷர் அதைத் தாங்காது. 2021 கடைசியில் இலங்கையில் வீட்டுக்கு வீடு அடுப்புகள் வெடித்தபோது ஜனாதிபதி அமைத்த குழு காரணமாகச் சொன்னது கலவை மாற்றத்தைத்தான்.

கல்யாண மண்டபங்களில் குளிர் தேவையில்லை. சித்திரை வெயிலிலேயே 19 கிலோ சிலிண்டரின் அடிவயிறு வெள்ளையாகப் பனி பூக்கும். பெரிய பர்னர் கேஸை வேகமாக இழுக்க, திரவம் ஆவியாகித் தன் சூட்டையே தின்றுவிடுகிறது. பையன்கள் சுடுதண்ணீர் அண்டாவுக்குள் சிலிண்டரை இறக்குவார்கள். ரெண்டு மூன்று சிலிண்டரை ஒரே குழாயில் சேர்த்துவிட்டால் ஒவ்வொன்றும் மெதுவாகக் கொடுக்கும், பனியே வராது. பழைய மாஸ்டர்களுக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. எரிகிற பந்தத்தை பர்னர் வாயில் காட்டிவிட்டுத்தான் வால்வைத் திறப்பார்கள். கேஸைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டி தேடுகிறவனை அடுப்புப் பக்கமே விட மாட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒரு மாஸ்டரிடம்தான் போன வைகாசியில் வாக்குவாதம். மண்டபத்தில் பந்தி நடக்கும் அடித்தளத்திலேயே, படிக்கட்டுக்குக் கீழே, சிலிண்டர்களை அடுக்கியிருந்தார்கள். நிரம்பியதும் காலியும் ஒன்றாக. "மாஸ்டர், இது பள்ளம். கசிஞ்சா ஏறி வெளிய போகாதுங்க. மேல சந்துக்கு மாத்திக் குழாய் இழுத்துக்கலாம்" என்றேன்.

"எல்லாம் சரிதான் தம்பி. விடிஞ்சா முகூர்த்தம். இட்லிக்கு வைக்கோணும். நாளைக்கு மத்தியானத்துக்கு மேல பாத்துக்கலாம்."

நான் மூன்று ரெகுலேட்டரையும் கழற்றி, கேப்களை மாட்டி, ரெகுலேட்டர்களைப் பையில் போட்டுக்கொண்டு படியேறினேன். மாஸ்டர் பின்னாலேயே வந்தார், கொஞ்சம் திட்டினார், அப்புறம் பையன்களைக் கூப்பிட்டார். இட்லி அரை மணி நேரம் தாமதமாக வெந்தது.