கடல்வழி வந்த சொல்

சில சொற்கள் வணிகரோடு வந்தன. சில சொற்கள் ஆட்சியாளரோடு வந்தன. ‘எம்டன்’ என்னும் சொல் பீரங்கிக் குண்டோடு தமிழுக்கு வந்தது.

நான் வளர்ந்தது சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டில். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், காப்பித் தோட்டங்களும் சில்வர் ஓக் மரங்களும் சூழ்ந்த ஊர் அது. எங்கள் தோட்டத்து மேஸ்திரி கடலைக் கண்டவர் அல்லர். ஆயினும், எவரிடமும் ஏமாறாத ஒருவரைச் சுட்ட, “அவன் பெரிய எம்டன்!” என்பார். வியப்பும் அச்சமும் கலந்த சொல் அது. அது ஒரு போர்க்கப்பலின் பெயர் என்பதை நான் கல்லூரியில் பயின்றபோதுதான் அறிந்தேன். கடலே காணாத மலைமகனின் நாவில் ஒரு செருமானியக் கப்பல் எவ்வாறு ஏறியது? அந்த வினாவே என்னைச் சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றை நோக்கி அழைத்துச் சென்றது.

முதல் உலகப் போர் தொடங்கி ஒன்றரை மாதம் கடந்திருந்தது. கார்ல் ஃபான் முல்லர் என்பவரின் தலைமையில் எம்டன் வங்கக் கடலில் புகுந்து, வணிகக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கைப்பற்றியும் மூழ்கடித்தும் வந்தது. இச்செய்தி பரவியிருந்தும், 1914 செப்டம்பர் 22 அன்று இரவு சென்னை விளக்கொளியில் திளைத்திருந்தது. உயர்நீதிமன்றக் கோபுரத்தின் மீதிருந்த கலங்கரை விளக்கமும் வழக்கம்போல் சுழன்றது. நண்பருக்கு வழிகாட்டிய அவ்வொளி பகைவருக்கும் வழிகாட்டியது.

இரவு ஒன்பதரை மணியளவில், கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் நின்ற எம்டன், தன் தேடொளி விளக்கைப் பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கொள்கலன்கள் மீது பாய்ச்சியது. அடுத்த கணமே அதன் பீரங்கிகள் முழங்கின. அரை மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 130 குண்டுகள் வெடித்தன. எண்ணெய்க் கொள்கலன்கள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலொன்றும் தாக்குண்டது. உயிர்கள் சிலவும் பறிபோயின.

கரையைக் காக்கப் பீரங்கிகள் இல்லாமல் இல்லை. கோட்டைக்கு வடக்கே அமைந்த கிளைவ் பேட்டரி என்னும் பீரங்கித் தளம் மறுமொழியாக ஒன்பது குண்டுகளைச் சுட்டது. ஒன்றும் எம்டனைத் தொடவில்லை. அதன் காரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கரைப் பீரங்கி இருந்த இடத்தில் நிலைத்திருப்பது, கப்பலோ இடம்பெயர்வது. இருளில் முதலில் அதனைக் காண வேண்டும். பின்னர்த் தொலைவை அளக்க வேண்டும். குண்டு சென்று சேரும் நொடிகளில் கப்பல் எங்கு நகர்ந்திருக்கும் எனக் கணிக்க வேண்டும். கொள்கலன்களோ நகரா, தீப்பிழம்பு அவற்றை மேலும் துலங்கச் செய்தது. விளக்கை அணைத்துவிட்டு இருளுக்குள் மறைந்த எம்டனைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. இரும்பால் செய்த அரண் விழிப்புடைய கண்ணின்றிப் பயன்படாது என்பதை அவ்விரவு உணர்த்தியது.

பொருளிழப்பைக் காட்டிலும் மன இழப்பே பெரிது. அசைக்க இயலாதது எனக் கருதப்பட்ட பேரரசின் கடற்காவல் ஓரிரவில் ஐயத்திற்கு உள்ளாயிற்று. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரை விட்டுப் புறப்பட்டனர். அவர்கள் சென்ற ஊர்தோறும் அச்செய்தியும் சென்றது. வாய்மொழியில் கப்பல் மனிதனாயிற்று. அச்சம் மெல்ல வியப்பாயிற்று. மலையேறி எங்கள் மேஸ்திரியின் நாவை அடைந்தபோது, குண்டும் தீயும் கழன்று சாமர்த்தியம் மட்டுமே அச்சொல்லில் எஞ்சியிருந்தது.

அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியிடம் எம்டன் வீழ்ந்தது. அதில் பணியாற்றியோருள் நூற்றுவருக்கு மேற்பட்டோர் மாண்டனர். தாக்கியவனும் தாய் பெற்ற மகனே என்பதை இவ்வெண்ணிக்கை நினைவூட்டுகிறது.

இன்று உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் ஒரு கல்வெட்டு அத்தாக்குதலைக் குறிக்கிறது. கிளைவ் பேட்டரி ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராக எஞ்சியுள்ளது. அங்கு இறங்குவோரில் பலர் அதனை மின்கலம் என்றே எண்ணக்கூடும். அழித்த கப்பலுக்கு அகராதியில் இடம் கிடைத்தது. காக்க முயன்ற பீரங்கித் தளத்திற்கு நிறுத்தத்தில் ஒரு பலகை கிடைத்தது. அன்று மடிந்த எளிய மக்களின் பெயர்கள் எவர் நாவிலும் இல்லை. வெற்றியின் ஓசையை மொழி எளிதில் ஏற்றுக்கொள்கிறது. துன்பத்தின் பெயர்களை நாம்தான் தேடிச் சென்று கேட்க வேண்டும். அதுவே வரலாறு கற்பதன் முதற்பயன்.