ஒரு பிடி மண்ணின் சாட்சியம்

நம் மத்ரஸாவுக்கு வக்ஃபு செய்யப்பட்ட மூன்று ஏக்கர் நஞ்சை நிலம் காவிரிப் பாசனப் பகுதியில் உள்ளது. மாணவர்களின் உணவுச் செலவில் ஒரு பகுதி அதன் குத்தகையால் நடைபெறுகிறது. மண்ணைப் பரிசோதித்து உரமிட வேண்டும் என்று குத்தகை விவசாயியிடம் வலியுறுத்தியவர்கள் நாமே. விளைச்சலின் உரிமையை அறுவடை நாளில் கொடுத்துவிடப் பணிக்கும் அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனம் வீண்விரயத்தையும் தடுக்கிறது. தேவைக்கு மேல் கொட்டும் யூரியாவும் விரயமே என்று அவருக்கு எடுத்துரைத்தோம். சொன்னது சரி, செய்த விதம்தான் பிழையாயிற்று.

மண் எடுக்கும் பொறுப்பை நாமே ஏற்றோம். கோடை வெயில். முன்பு எருக்குவியல் கிடந்த வரப்போர மூலையில், ஓரிடத்தில் மட்டும் மேல் மண்ணைச் சுரண்டிப் பையில் இட்டு, மூன்று ஏக்கருக்கும் அதுவே மாதிரி என்று எழுதிக் கொடுத்தோம். "ஹஜரத், மேட்டு வயல் மண்ணு வேற, பள்ளத்து மண்ணு வேற" என்றார் அவர். நாம் செவிசாய்க்கவில்லை. கரிமச் சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து எல்லாம் மிகுதி என்று முடிவு வந்தது. ஆய்வகம் தவறிழைக்கவில்லை, நாம் கொடுத்த மண்ணைப் பற்றி உண்மையையே சொன்னது. அதை நம்பி உரத்தைக் குறைத்த சம்பாவில், மேட்டு வயல் பயிர் வெளிறி, தூர் கட்டாமல் நின்றது.

இழப்பு அவருடையது. குத்தகையைத் தள்ளுபடி செய்திருக்கலாமே என்று தோன்றும். நம் தவற்றுக்கு ஈடாக விட்டுக்கொடுக்க வக்ஃபின் உரிமை நம் சொத்தன்று. ஆசிரியர்கள் மூவரும் சொந்தப் பணத்திலிருந்து குத்தகையின் ஒரு பகுதியை அவர் பெயரில் செலுத்தினோம். அவர் முதலில் இசையவில்லை.

ஆதம் (அலை) அவர்களைப் படைக்கப் பூமி முழுவதிலிருந்தும் பிடி மண் எடுக்கப்பட்டது, ஆகவேதான் மக்களில் பல நிறத்தவரும் மென்மையானவரும் கடினமானவரும் உள்ளனர் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. அதை ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நாம், ஒரு மூலை மண்ணை முழு வயலுக்கும் சாட்சியாக நிறுத்தினோம்! அது பொய்ச்சாட்சியன்றி வேறென்ன?

மறு கோடையில் அவரிடமே கற்றுக்கொண்டோம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தனித்தனி மாதிரி. வரப்பு, மர நிழல், எருக்குழி ஆகியவற்றைத் தவிர்த்து, வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பதினைந்து இடங்கள். நெல்லுக்கு 15 செ.மீ. ஆழத்தில் 'வி' வடிவக் குழி வெட்டி, அதன் பக்கங்களில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவ வேண்டும். நுண்ணூட்டம் பார்க்க வேண்டுமெனில் தகர வாளி கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு மண்ணில் கலந்துவிடும். நிழலில் உலர்த்திய மண்ணை நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக் கழித்து அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்தோம்.

இம்முறை இரண்டு அட்டைகள் இரண்டு விதமாகப் பேசின. மேட்டு வயலில் தழைச்சத்துக் குறைவு. பள்ளத்தில் மணிச்சத்து ஏராளம், துத்தநாகம் போதாது. ஆண்டாண்டாக இட்ட டி.ஏ.பி.யின் மிச்சம் அது என்றார் அவர். பள்ளத்துக்கு டி.ஏ.பி.யை நிறுத்தி, ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து தூவினோம். யூரியாவை மேட்டு வயலுக்கு மட்டும் கூட்டி, மூன்று தவணையாகப் பிரித்து இட்டோம்.

இப்போது மண் கட்டிகளை உடைப்பது நம் மாணவர்கள். எந்த வயல், எந்த நாள் என்று பையில் எழுதுவதை மட்டும் அவர் யாரிடமும் விடுவதில்லை, நம்மிடமும்.