விரதமும் சீனி வருத்தமும்

தொண்டைமானாற்றில் ஒரு வீடு. தாதியர் பரீட்சைக்குப் படிக்கும் மகளிடம் நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இரத்தத்தில் சீனி குறைந்தால்?"

"வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேணும், அக்கா."

குசினியிலிருந்து தாய் வந்தார். "போன கந்தசஷ்டிக்கு எனக்கும் இப்படித்தான் பிள்ளை. பசிக்களை எண்டு படுத்திட்டன்." விரதமிருந்தபடியே சீனிக் குளிசையும் போட்டிருக்கிறார்.

மகள் புத்தகத்தை மூடிவிட்டாள். "அம்மா, நினைவிருந்தால் 3, 4 தேக்கரண்டி சீனி கரைச்சுக் குடிக்க வேணும். 15 நிமிசத்தில் சுகமில்லையெண்டால் திரும்பவும். பிறகு சாப்பாடு. மயங்கினால் வாயில் ஒண்டும் ஊத்தக்கூடாது. சரிச்சுப் படுக்கவைச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்."

சகோதரிகளே, இடம்பெயர்வுகளில் பசியைப் பொறுத்துப் பழகியவர்கள் நாங்கள். அதனால்தான் இதையும் பசியென்று விட்டுவிடுகிறோம். விரதத்துக்கு முன் குளிசையைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். சந்நிதியான் கோபிக்கமாட்டான்.